டெஃபனிட்டா வர்றோம்

எங்கள் அடுக்ககத்தில் ஆங்கிலம் சரியாகப் பேச வராதவர்கள் உண்டு. டெஃபனிட்டா என்ற சொல் வராதவர்கள் யாரும் இல்லை. பொழிச்சலூருக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இதில் ஒரு பெருமைகூட இருந்தது. எந்த வேலையைச் சொன்னாலும், எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும், எதிரில் இருப்பவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ‘டெஃபனிட்டா சார்’ என்பார். இவ்வளவு உறுதியான மனிதர்களுக்கு நடுவில் வந்து சேர்ந்தோமே என்று நினைத்துக்கொண்டேன். முதல் மழைக்காலத்தில் எங்கள் கூடத்துச் சுவர் ஒழுகியபோதுதான் விஷயம் புரிந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், எங்கள் எல்லாருக்கும் செகரட்டரி, நேரில் வந்து பார்த்தார். ஒழுகிய இடத்தில் விரலை வைத்தார். ‘மொட்டைமாடியில கோளாறு. டெஃபனிட்டா பண்ணிடலாம் சார்’ என்றார். அடுத்த மழைக்காலத்திலும் வந்தார். அதே இடத்தில் விரலை வைத்து அதையே சொன்னார். இப்போதெல்லாம் மழை வந்தால் நானே அவரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன். அவர் விரல் பட்ட இடத்தில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறோம்.

ஏன் இந்த ஒரு சொல்லை மட்டும் இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்று பல்லாவரத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரங்களில் யோசித்திருக்கிறேன். தமிழில் சொல்லா இல்லை? நிச்சயமாக என்று சொல்லலாம். ஆனால் நிச்சயம் என்றதுமே தாம்பூலத் தட்டு மாற்றிக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. பின்வாங்கினால் நாலு பேர் பஞ்சாயத்துக்கு வருவார்கள். கண்டிப்பாக என்று சொல்லலாம். அதற்குள் ஒரு ஹெட்மாஸ்டர் பிரம்போடு நிற்கிறார். சத்தியமாக என்றால் சாமியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டும், அந்த தைரியம் யாருக்கு இருக்கிறது? ஆக, நமக்கு ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு சொல் தேவைப்பட்டது. சொன்னால் கேட்பவர் மனம் குளிர வேண்டும், தவறினால் நம் தலையில் எதுவும் விழக்கூடாது. ஆங்கிலம் கைகொடுத்தது. அதன் வாலில் இருந்த ‘லி’யை நறுக்கிவிட்டு நம்முடைய ‘ஆ’வை ஒட்டவைத்து வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம்.

அகராதியைப் புரட்டினால் அதற்கு ‘ஐயத்துக்கு இடமின்றி’ என்று பொருள் போட்டிருக்கும். பொழிச்சலூரில் அதற்குப் பொருள் வேறு. ‘நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இப்போதைக்கு இதோடு விடுங்கள்.’ இரண்டு முறை அடுக்கிச் சொன்னால், அதாவது ‘டெஃபனிட்டா, டெஃபனிட்டா’ என்றால், அவர் நம்மை மறந்துவிட்டு லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உண்மையில் வரப்போகிறவர் இந்தச் சொல்லைத் தொடவே மாட்டார். அவர் ‘எத்தனை மணிக்கு?’ என்றுதான் கேட்பார். நேரம் கேட்கிறவர் வருவார். இது பல கிரகப்பிரவேசங்களில் நான் சோதித்து அறிந்த உண்மை.

நான் மட்டும் என்ன யோக்கியமா? ஓர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். வரும் புகார்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் எழுதுவதுதான் வேலை. உங்கள் கோரிக்கை டெஃபனிட்லி கவனிக்கப்படும் என்று எழுதாத கடிதம் என் கையெழுத்தில் கிடையாது. நான் வாலோடு எழுதினேன், இவர்கள் வாலை வெட்டிவிட்டுப் பேசுகிறார்கள். அந்த ஒரு வித்தியாசம்தான்.

என் மனைவி அப்படி இல்லை. வரேன் என்றால் வருவாள், முடியாது என்றால் முடியாது. ஆகவே அவள் மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே நம்புகிறவள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் மனைவியைப் பற்றித் தானாக முடிவுக்கு வருகிறவனை என்னவென்று சொல்வது. மேலே படியுங்கள்.

அவள் பாடுவாள். ஆனால் மிக்ஸி ஓடும்போது மட்டும்தான் பாடுவாள். பள்ளிக்கூட நாளில் ஆண்டு விழா மேடையில் நின்று வாயைத் திறந்தபோது குரல் வரவில்லையாம். கீழே எல்லாரும் சிரித்தார்களாம். அன்றைக்கு மூடிய வாய். மகள் கல்யாணமாகி பெங்களூர் போனபிறகு குரோம்பேட்டையில் ஒரு பாட்டு டீச்சரிடம் சேர்ந்தாள். அங்கேயும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பாட்டு. வீட்டில் பழகுவதற்கு மிக்ஸி, மோட்டார், இவை போதாதபோது விமானம். எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்துதான் இறங்கும். அந்தச் சத்தத்தில் டி.வி.யில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே தெரியாது. சாயங்காலம் ஒரு விமானம் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துவிட்டுப் போகும். காபிப் பாத்திரம் கழுவிக்கொண்டே அதற்காகக் காத்திருந்து, அது வந்ததும் ஆரம்பிப்பாள், போவதற்குள் நிறுத்திவிடுவாள். ஆக, எனக்கு அவள் பாட்டில் சட்னியும் விமானமும் கலக்காத ஒரு வரிகூடத் தெரியாது. ‘நீ பாடறது நல்லா இருக்குதா இல்ல மிக்ஸி பாடறது நல்லா இருக்குதான்னு தெரியலையே’ என்று கேலி செய்வேன். ‘மிக்ஸிக்கு ரெண்டு வருஷம் வாரண்டி இருக்கு. எனக்கு இல்ல’ என்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரு வேண்டுதலில் மாட்டிக்கொண்டாள். மகள் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கடைசி நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர். ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா வெளியே வந்தார். என் மனைவி எழுந்துபோய், ‘நல்லபடியா ஆயிடும் இல்லையா டாக்டர்?’ என்று கேட்டாள். அந்தப் பெண் கையுறையைக் கழற்றினார். பிறகு, ‘பார்க்கலாம்மா’ என்றார்.

நேர்மையான பதில். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரெல்லாம் கொட்டிக்கிடக்கிற சொல், எங்கள் கூடத்துச் சுவருக்குக்கூடத் தாராளமாகக் கிடைத்த சொல், அன்றைக்கு எங்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள், மகளும் தேறிவிட்டாள். ஆட்டோவில் திரும்பி வரும்போது என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: ‘ரெண்டு பேரும் முழுசா கைக்கு வந்தா, உன் எதிர்ல வாய் திறந்து பாடறேன்னு நம்ம அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன்.’

‘யாரு, நீயா?’

‘நான்தான். என்ன பண்றது, அந்த நேரத்துல வாயில அதுதான் வந்துது.’

அவள் முகத்தைப் பார்த்தேன். பேத்தி பிறந்த சந்தோஷத்துக்கு நடுவில், கடன்காரன் வாசலில் நிற்பதுபோல ஒரு பயம் தெரிந்தது. வேண்டுதலை முடிக்காமல் விட்டால் அவள் தூங்கமாட்டாள். குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தால்கூடத் தன்னால்தான் என்பாள். முடிக்க வேண்டுமானால் பாட வேண்டும். பாடப் போய்க் குரல் வராவிட்டால்? அதை அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மகளும் பேத்தியும் பெங்களூர் திரும்பிய கையோடு நவராத்திரி வந்தது. எங்கள் தெருமுனை அம்மன் கோயில் சின்னதுதான். நவராத்திரியில் சாயங்காலம் மண்டபத்தில் யாராவது பாடுவார்கள், ஆளுக்கு அரைமணி நேரம். குருக்களிடம் சொல்லிவைத்தால் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவார். சனி, ஞாயிறு காலியாக இருந்தும் அவள் ஒரு செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வாங்கினாள். அதுவும் மாலை முதல் நேரம், ஆபீஸ் போனவர்கள் கிண்டி தாண்டாத நேரம். ‘நல்ல நாளாப் பார்த்து வாங்கக் கூடாதா?’ என்றேன். ‘செவ்வாய் அம்மனுக்கு விசேஷம்’ என்றாள். அதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது.

பிறகு அழைப்புப் படலம். கோயிலில் பாடப்போகிறோம் என்றால் அக்கம்பக்கத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. கரும்பலகையில் பார்த்துவிட்டு, ‘எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே’ என்று வருஷக்கணக்கில் லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நான் துணைக்குப் போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

‘அட, நீங்க பாடப்போறீங்களா? சொல்லவே இல்ல பாருங்க. டெஃபனிட்டா வர்றோம்.’

‘மேடம், டெஃபனிட்டா. பையனுக்கு டியூஷன் இருக்கு, ஆனாலும் டெஃபனிட்டா.’

செகரட்டரி மனைவி மட்டும் பாதி மாவு பிசைந்த கையோடு வந்து, ‘டெஃபனிட்டாக்கா, டெஃபனிட்டா’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒருவர்கூட நேரம் கேட்கவில்லை. என் மனைவியோ மாடி ஏறும்போது மெல்லிசாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாளில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்க்கவில்லை. பாவம், அத்தனையையும் நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டு அக்காவை மட்டும் அவள் கூப்பிடவில்லை. அந்த அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கோயில் விஷயம் என்பதால் விட்டிருப்பாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் பிறந்தநாள், யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அந்த அக்காதான். யோசிக்கவில்லை.

எனக்கு மனக்கண்ணில் வெறும் மண்டபம் தெரிந்தது. அவள் பாடுகிறாள், எதிரில் நான், குருக்கள், பிரகாரத்து நாய். எல்லாரும் டெஃபனிட்டா என்றார்களே என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வருத்தத்திலேயே குரல் உள்ளே போய்விடும். வேண்டுதல் நிற்கும். இதை இப்படியே விடக்கூடாது என்று களத்தில் இறங்கினேன்.

செகரட்டரியை பார்க்கிங்கில் பிடித்தேன். ‘சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். செவ்வாய்க்கிழமை யாரும் வரமாட்டாங்க போலிருக்கு. அவ மனசு உடைஞ்சிடுவா. நீங்க ஒருத்தராவது வந்தீங்கன்னா நல்லா இருக்கும்.’

‘என்ன சார், இதுக்குப் போய்க் கெஞ்சிக்கிட்டு. டெஃபனிட்டா வர்றேன்.’

நேரம் கேட்கவில்லை. அவரை நம்ப முடியாது என்று, இரண்டாவது மாடிக்காரரிடம் போனேன். ‘உங்ககிட்ட மட்டும் சொல்றேன்’ என்று அதே வசனம். அதே டெஃபனிட்டா. அவரையும் நம்பாமல் அடுத்தவர். இப்படி ஒவ்வொருவரும் கைவிடுவார் என்ற கணக்கில் இன்னொருவரை ஏற்பாடு செய்து, அவரும் கைவிடுவார் என்று இன்னொருவரை ஏற்பாடு செய்து, கடைசியில் எங்கள் கட்டடத்தில் ‘உங்ககிட்ட மட்டும்’ சொல்லப்படாதவர்கள் யாருமே இல்லை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் போடுகிறவர்களுக்குக்கூட என் அளவுக்கு அவநம்பிக்கை இருக்காது.

குழாய்க்காரரிடமும் சொன்னேன். எங்கள் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தினமும் போன் செய்வேன், தினமும் டெஃபனிட்டா வருவதாகச் சொல்வார். அன்று போனில் வேறு விஷயமாகப் பேசினேன்.

‘அக்கா பாடுதா? இன்னா சார் நீ, முன்னாடியே சொல்றதில்ல? டெஃபனிட்டா வந்துர்றேன். அப்பிடியே பைப்பையும் பாத்துர்லாம்.’

கடைசியாகக் கீழ்வீட்டு அக்கா. கதவைத் திறந்தவரிடம் விஷயத்தைச் சொன்னதும், ‘எத்தனை மணிக்கு?’ என்றார். என் காதில் தேன் பாய்ந்தது. ‘நாற்காலி போடுவாங்களா? எனக்கு முட்டி மடங்காது.’ நாற்காலிக்கு நான் பொறுப்பு என்றேன். ஓர் ஆளாவது உறுதியாக வருவார் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவன்போல பேப்பர் படித்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் சுண்டல் செய்தாள். ஒரு சின்னப் பாத்திரத்தில். ‘இது எப்படிப் போதும்?’ என்றேன். ‘சாமிக்கும் குருக்களுக்கும்தானே, போதும்’ என்றாள். பிறகு புடவை கட்டிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ‘நீங்ககூட வீட்டிலேயே இருங்களேன். பைப்புக்காரர் வர்றேன்னாரே’ என்றாள்.

‘அவர் வர்றதுக்குள்ள பேத்திக்குக் கல்யாணம் ஆயிடும். நட’ என்றேன். வெட்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மரமண்டை என்று ஒரு சொல் இருக்கிறது அல்லவா, அது என்னைப் போன்றவர்களுக்காக உண்டானது.

கோயிலில் அவள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மண்டபத்தில் பாயை விரித்தாள். நவராத்திரியில் டீச்சருக்கு மூச்சுவிட நேரமில்லை, அதனால் துணைக்கு யாரும் இல்லை. போனில் சுருதி வைக்கும் வசதி இருக்கிறதே, அது மட்டும். மண்டபம் காலி. அவள் முகத்தில் மறுபடி அந்த நிம்மதி. நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் வரிசையில் போட்டேன். ‘அது யாருக்கு?’ என்றாள். பதில் சொல்வதற்குள் கீழ்வீட்டு அக்கா உள்ளே வந்து, ‘இதுதானா என் நாற்காலி?’ என்று உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவியின் கை சுருதியை வைக்காமல் அப்படியே நின்றது.

பின்னாலேயே செகரட்டரி வந்தார், மனைவியோடு. என்னைப் பார்த்து, நாம் மட்டும் அறிந்த ரகசியம் என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். அடுத்து இரண்டாவது மாடிக்காரர் வந்தார், அவரும் அதேபோலக் கண்ணைக் காட்டினார். பிறகு ஒரு குடும்பம், இன்னொரு குடும்பம், டியூஷனுக்குப் போக வேண்டிய பையன். வருகிறவர்கள் எல்லாரும், தான் ஒருத்தர்தான் இரக்கப்பட்டு வந்தவர் என்ற முகத்தோடு உள்ளே வந்து, மற்றவர்களைப் பார்த்துத் திகைத்து, ‘நீங்களுமா?’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். எங்கள் கட்டடத்தின் வரலாற்றில் அத்தனை டெஃபனிட்டாவும் ஒரே சாயங்காலம் பலித்தது அன்றைக்குத்தான். மண்டபம் நிறைந்து, தூணோரம்கூட இடமில்லை.

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துச் செருப்பு விடும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

‘இவங்கல்லாம் எதுக்கு வர்றாங்க?’

‘நீதானே கூப்பிட்டே?’

‘கூப்பிட்டேன். டெஃபனிட்டான்னு சொல்றவங்களாப் பார்த்துத்தானே கூப்பிட்டேன்! அப்படிச் சொல்லிட்டா யாரும் வரமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? கூப்பிடலைன்னும் ஆகாது, வந்தாங்கன்னும் ஆகாது. சாமி எதிர்ல நான் மட்டும் தனியாப் பாடிட்டு வந்துடலாம்னு இருந்தேன். கீழ்வீட்டு அக்கா வந்துடுவாங்கன்னுதான் அவங்களை விட்டேன். அவங்களை யாரு கூப்பிட்டது?’

நான் கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பொழிச்சலூர் அகராதியை நான்தான் கரைத்துக் குடித்தவன் என்று திரிந்துகொண்டிருந்தேன். அவள் அதை வைத்துப் பந்தலே போட்டிருக்கிறாள். நான் போய் அதன் கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறேன்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. மேடையில் குரல் வராமல் நின்ற அந்தப் பெண்ணை அன்றுவரை நான் பார்த்ததில்லை, இப்போது பார்த்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

‘குரல் வருமா?’ என்று கேட்டாள். ‘சொல்லுங்க. வருமா?’

அவள் பாடி முழுசாக ஒரு வரி கேட்டதில்லை நான். சங்கீதம் தெரியாது. என்னிடம் ஆதாரம் என்று ஒன்றுமே இல்லை.

‘டெஃபனிட்டா’ என்றேன்.

ஒரு கணம் என்னை முறைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

சுருதி ஒலிக்கத் தொடங்கியது. கண்ணை மூடினாள். மண்டபம் அமைதியானது. அவள் பாடவில்லை. தியானம் செய்கிறாள் என்று எல்லாரும் மரியாதையோடு காத்திருந்தார்கள். சற்று நேரம் போயிற்று. ஒரு குழந்தை சிணுங்கியது. செகரட்டரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது, வாய் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் குழாய்க்காரர், தோளில் கருவிப் பையோடு. ‘வூட்டாண்ட போய்ட்டு வர்றேன் சார், பூட்டிகீது’ என்று கிசுகிசுத்துவிட்டு, பையைக் கீழே வைத்து உட்கார்ந்தார். பைக்குள் இரும்பு ஒன்றோடொன்று இடித்து மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் அசையவில்லை.

எனக்குச் சட்டென்று உறைத்தது. அவள் தியானம் செய்யவில்லை. விமானத்துக்குக் காத்திருக்கிறாள். தினமும் காபிப் பாத்திரம் கழுவும் நேரத்தில் வரும் விமானம் இன்றைக்குப் பார்த்துத் தாமதம். என் வாழ்நாளில் யாரையும் வழியனுப்பப் போயோ வரவேற்கப் போயோ நான் இப்படி ஒரு விமானத்தை எதிர்பார்த்ததில்லை. அம்மா, தாயே, அதை இறக்கிவிடு என்று அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தூரத்தில் முனகல் கேட்டது. அது பெரிதாகி, பம்மல் பக்கமிருந்து வானத்தை உருட்டிக்கொண்டு வந்து, கோயில் மணியின் நாக்கே லேசாக அதிர்ந்தது. பாடுகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் நிறுத்துவார்கள், அதுதான் இங்கே வழக்கம். அவள் ஆரம்பித்தாள். உதடு அசைவது மட்டும் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, கை தொடையில் தாளம் போட்டது. மண்டபத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விமானம் போய்விட்டது. பாட்டு போகவில்லை.

சத்தம் வடிய வடிய, அடியிலிருந்து அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் கரகரத்த, பெரிய குரல். அவளுக்குள் இவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இத்தனை வருஷமாக இதையா தேங்காய்ச் சட்னியோடு சேர்த்து அரைத்துக்கொண்டிருந்தாள்! கடைசி அடியில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. நின்றுவிடுவாள் என்றே நினைத்தேன். கீழ்வீட்டு அக்கா நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் அந்த வரியை மறுபடி எடுத்து, நேராக அம்மனைப் பார்த்துப் பாடி முடித்தாள். நான் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சுண்டல் ஆளுக்கு நாலைந்து கடலைதான் வந்தது. அதையும் பிரசாதம் என்று பக்தியோடு வாங்கிக்கொண்டார்கள். ‘மேடம், அடுத்த வருஷம் ஒரு மணி நேரம் பாடணும், டெஃபனிட்டா ஏற்பாடு பண்ணிடறேன்’ என்றார் செகரட்டரி. என் மனைவி முதன்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். குழாய்க்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ‘அக்கா சூப்பரா பாடுச்சு சார். இப்ப இருட்டிகினு வருது, பைப்பை நாளைக்கி டெஃபனிட்டா பாத்துர்லாம்’ என்று கிளம்பினார். கீழ்வீட்டு அக்கா என் மனைவியின் கன்னத்தைத் தட்டி, ‘இனிமே என்னைக் கூப்பிடாட்டியும் வருவேன்’ என்றார்.

தெருவில் என்னை முந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். திட்டு இப்போதுதான் வரப்போகிறது என்று நினைத்தேன். வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது கேட்டாள்.

‘குரல் வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?’

‘தெரியாது.’

‘அப்புறம் எதை வெச்சு டெஃபனிட்டான்னு சொன்னீங்க?’

‘வேற வார்த்தை வரலை’ என்றேன்.

சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டுத் திருப்பாமல் நின்றாள். ‘ஆஸ்பத்திரியில நான் எத்தனை தடவை உங்க முகத்தைப் பார்த்தேன். அன்னிக்கு நீங்க சொல்லலை’ என்றாள். ‘இன்னிக்காவது சொன்னீங்களே.’

அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் பாட்டுச் சத்தத்தில்தான் விழித்தேன். விமானம் எதுவும் பறக்கவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. கூடத்தில் போய் உட்கார்ந்தேன். மிக்ஸி அணைந்திருந்தது, அவள் பாடிக்கொண்டே தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இட்லிக்கு அன்றைக்கு மிளகாய்ப்பொடிதான். சட்னி எங்கே என்று நான் கேட்கவில்லை.